பத்து ரூபாய் சிரிஞ்சும் நம்ம ஊர் கௌரவமும்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிய வந்ததே நம்ம வேலூரில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சென்னையில் சேகரித்த ரத்தத்தை இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில்தான் சோதித்துப் பார்த்தார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் இன்றைக்கும் எச்.ஐ.வி. என்றால் 'தப்பான சகவாசம்' என்று மட்டும்தான் பேசுகிறோம். ஊசியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றிச் செய்தி வராத மாதம் உண்டா? மெடிக்கல்களில் ரெய்டு நடக்கிறது. மாத்திரைக்கு ரெய்டு சரி, நடக்கட்டும். சிரிஞ்சையும் சேர்த்து ஒளித்து வைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

போன மாதம் காட்பாடி பக்கம் ஒரு மெடிக்கலில் நின்றிருந்தேன். இருபது வயதுகூட இருக்காது, கொளுத்துகிற வெயிலில் முழுக்கை சட்டை. சிரிஞ்ச் ஒன்று கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இல்ல தம்பி, கிளம்பு" என்றார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது! வம்பு எதற்கு என்று நினைத்திருப்பார், பாவம்.

ஆனால் அவன் வீட்டுக்குப் போய்ப் படிக்கப் போவதில்லை. கூட்டாளியின் சிரிஞ்சை வாங்கிக்கொள்வான். நரம்பில் குத்திப் பின்னால் இழுக்கும்போது உள்ளே ஏறுகிற ரத்தம், தண்ணீரில் அலசினாலும் முழுசாகப் போகாது. அதில் எச்.ஐ.வி. நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கல்லீரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் சி வைரஸ் அதைவிடச் சுலபமாகத் தொற்றும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 கணக்குப்படி ஊசியில் போதை ஏற்றுகிறவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி.; பொதுவாகப் பெரியவர்களிடம் 0.2 சதவீதம்தான்.

"அப்போ ஊசியும் கொடுத்து வளர்த்துவிடச் சொல்கிறாயா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 2017 எச்.ஐ.வி. சட்டமே, தொற்றைத் தடுக்கப் புது ஊசி கொடுப்பது குற்றமில்லை என்கிறது. அரசுத் திட்டத்திலேயே ஊசி கொடுக்கிறார்கள், போதை ஊசிக்கு மாற்றாக நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரினார்பின் மாத்திரை கொடுத்து ஊசியிலிருந்து மெல்ல வெளியே கொண்டுவருகிறார்கள். ஊசி வாங்க வருகிறவனிடம்தான் சிகிச்சை பற்றிப் பேச முடியும். விரட்டிவிட்டால் யாரிடம் பேசுவது?

நம்ம பள்ளி, கல்லூரிகளில் 'போதை வேண்டாம்' உறுதிமொழி எடுக்க வைக்கிறார்களே, அன்றைக்கே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையம் அரசு ஆஸ்பத்திரியில் எங்கே இருக்கிறது, டெஸ்ட் இலவசம், விவரம் வெளியே போகாது, எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கிற பையனும் அந்த வரிசையில்தான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.