எரேமியா 29:11-இல் 21 நாள் கணக்கு இல்லை

கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “எரேமியா 29:11-ஐ 21 நாள் அறிக்கையிடுங்கள். தேவன் தந்த கனவு அதற்குள் நிறைவேறும். நிறைவேறாவிட்டால் அது தேவன் தந்ததல்ல.” அறிக்கையிடுவது என்றால் வசனத்தை விசுவாசத்தோடு வாய்விட்டுச் சொல்வது. செய்தியை 12 பேருக்கு அனுப்பவும் வேண்டுமாம்.

இது தவறு. தேவன் உங்கள்பேரில் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் அந்த வசனம், பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வருகிறது. ஊர் திரும்புவது 70 வருஷம் கழித்துத்தான் என்று அதற்கு முந்தின வசனமே சொல்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய மூப்பர்களில் பலர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்கவே முடியாது. சரி, அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவரும் ஒருவர் இருந்தார்: அனனியா. 28ஆம் அதிகாரம் அவரைக் கள்ளத் தீர்க்கதரிசியாகத்தான் காட்டுகிறது. நம் வாட்ஸ்அப் செய்தி அவருக்கே தூரத்துச் சொந்தம் போலிருக்கிறது.

தாமதமானால் தேவன் தந்த கனவல்ல என்பதும் நிற்காது. சகோதரர்கள் தன்னை வணங்குவதாக யோசேப்பு கனவு கண்ட பகுதியில் அவனுக்கு 17 வயது. எகிப்து ராஜா பார்வோன் முன் நின்றபோது 30. சகோதரர்கள் வந்து வணங்கியது அதற்கும் பிறகு, ஏழு செழிப்பான வருஷங்கள் கழிந்து பஞ்சம் வந்தபோது. ஆகவே விசாவோ ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவோ இழுபடுகிறது என்பதற்காக, 22ஆம் நாள் கனவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

அந்த 12 பேர் கணக்குக்கும் வேதத்தில் ஆதாரம் கிடையாது.