கொல்ஃப் கிளப் கொலைகளும் உறுப்பினர் பட்டியலும்

பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களில் ஊறிப்போன ஆக்களுக்கு ‘மிட்சோமர் மேர்டர்ஸ்’ஐ அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1997இல் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் தொடங்கியது, கதை ஆங்கிலக் கிராமங்களில் நடக்கும். பூந்தோட்டம், தேவாலயம், தேநீர், பிறகு ஒரு பிணம். அதில் 2009இல் வந்த ‘தி டொக்லெக் மேர்டர்ஸ்’ என்ற அத்தியாயம் வசதியானவர்களின் கொல்ஃப் கிளப் ஒன்றில் நடக்கும் கொலைகளைப் பற்றியது. போன கிழமை அதைத் திரும்பப் பார்த்தேன். கொலையாளி யார் என்று சொல்லிக் கெடுக்கமாட்டேன், பயப்படாமல் வாசியுங்கோ.

இப்படியான கதைகளில் பொலிஸ்காரர் கொலைகாரனைத் தேடுகிறார். எனக்கு அதைவிட உறுப்பினர் பட்டியலில்தான் ஆர்வம். யாரைச் சேர்த்தார்கள், யாரை வருடக்கணக்காகக் காக்க வைத்தார்கள், யாருடைய விண்ணப்பம் செயலாளரின் லாச்சிக்குள்ளேயே கிடந்து மட்கியது? ‘எக்ஸ்குளூசிவ்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம் எதுவாக இருந்தாலும், அதன் முழு வேலையும் ஆக்களை வெளியே நிறுத்துவதுதான். உள்ளே இருக்கிறவர் அந்தக் கதவைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போவார் என்பதில்தான் கதையே இருக்கிறது. சொத்துச் சண்டை, கள்ளக் காதல் எல்லாம் மேல் பூச்சு.

கதை எழுதுகிறவருக்குக் கொல்ஃபைவிட வாய்ப்பான விளையாட்டுக் கிடையாது. கிரிக்கெட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொல்ஃபில் பந்து மரங்களுக்குள் போனால் அடித்தவர் தனியாக உள்ளே போகலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த அத்தியாயம் வந்த காலத்தில் தொலைந்த பந்தைத் தேட விதி 5 நிமிடம் கொடுத்தது. 2019இலிருந்து 3 நிமிடம்தான். (கொலைகாரருக்கு 2 நிமிடம் நட்டம்.) பையில் 14 மட்டைகள் வரை வைத்திருக்கலாம், அவற்றில் நிறைய இரும்புத் தலையோடு. அதைவிடச் சுவையான விஷயம், சாதாரண ஆட்டத்தில் நடுவர் என்று யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. எத்தனை அடி அடித்தோம் என்று ஆடுகிறவர்களே எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். கனவான் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில் ஓடுகிற விளையாட்டு. ஒரு அடியைக் குறைத்து எழுதினவன் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பான் என்று யோசிக்கத் தொடங்கினால் துப்பறிகிறவருக்கு வேறு சான்று தேவையில்லை.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இந்த உலகம் ஒன்றும் தூரத்தில் இல்லை. களனிவெளி ரயிலில் மருதானையிலிருந்து நுகேகொடைப் பக்கம் போகிறவர்கள் பேஸ்லைன் ரோட் ஸ்டேஷனைத் தாண்டினதும் தலையைத் திருப்பிப் பாருங்கள். ரயில் ரோயல் கொழும்பு கொல்ஃப் கிளப்பின் திடலை ஊடறுத்துக்கொண்டு போகும். பின்னேர ரயிலில் மிதிபலகையில் தொங்கினபடி போனால் இரண்டு பக்கமும் பச்சை. ரயில் கடந்து போகட்டும் என்று ஆட்டக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார், பை தூக்குகிற பெடியன் பின்னால் நிற்பான். பெடியன் எங்களைப் பார்ப்பான். மற்றவர் புல்லைப் பார்ப்பார். அவ்வளவுதான், பிறகு தகரக் கூரைகளும் கொடியில் காயும் உடுப்புகளும் வந்துவிடும்.

அந்தக் கிளப் 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கியது. 1896இல் பொரளைக்கு இடம் மாறியது, 1928இல் ‘ரோயல்’ பட்டம் கிடைத்தது. கிளப் என்ற ஏற்பாட்டையே வெள்ளைக்காரன்தான் இங்கே கொண்டுவந்தான், ஆனால் நாங்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். 1899இல் தமிழருக்குத் தமிழ் யூனியன் என்ற விளையாட்டுக் கழகம், அதே வருடம் சிங்களவர்களுக்கு எஸ்.எஸ்.சி. என்ற கழகம். பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று. தமிழ் யூனியனின் ஓவல் மைதானமும் அதே பொரளையில்தான் இருக்கிறது. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி அங்கே ஆடியபோது பிட்ச் 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்ததாம். இதைத் துப்பறிய ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். சொல்ல வருவது, கதவு வைத்துப் பூட்டுகிற கலையில் நாங்களும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

கொழும்பில் ஒரு பழைய கிளப்பில் (பெயர் வேண்டாம்) கனகாலம் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை செய்த ஒருவரை எனக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்து ஆள். “அண்ணே, அங்க பெரிய ஆக்கள் என்ன கதைப்பாங்க?” என்று கேட்டேன். “தம்பி, நாங்க கிட்ட நிக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. யாருக்கு பேங்க்ல கடன், யார் வீட்டுல விவாகரத்து, எல்லாம் சூப்பு ஊத்திக்கிட்டே கேட்டிருக்கேன்” என்றார். இந்த வகைத் தொடர்களோடு எனக்குள்ள பெரிய சண்டை இதுதான். எல்லாம் தெரிந்த மனிதர் தட்டோடு பின்னால் நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது இரண்டு வசனம். அதிலும் ஒன்று “பிணம் அங்கே கிடக்கிறது, சேர்” என்பதாக இருக்கும். மிட்சோமரில் துப்பறிகிற இன்ஸ்பெக்டர் பார்னபி மாதிரி ஒரு கெட்டிக்காரர் சமையலறைக்குள் போய் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தால் பாதிக் கொலைகள் நடந்தேயிருக்காது. ஆனால் தொடரும் இருக்காது.

நடிகர் ஜோன் நெட்டில்ஸின் பார்னபியை எனக்குப் பிடிக்கும். அந்தப் பெரிய வீடுகளுக்குள் அவர் போகும்போது முகத்தில் ஒரு மெல்லிய சலிப்பு இருக்கும். பந்தா காட்டுகிறவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கதைக்க விடுவார், பிறகு ஒரே ஒரு கேள்வி. நடிப்பில் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தத் தொடரே ஒரு கிளப்தான். 2011இல் அதன் தயாரிப்பாளர் பிரையன் ட்ரூ-மே ஒரு பேட்டியில், இதில் வெள்ளையரல்லாதவர்கள் வந்தால் ஆங்கிலக் கிராமமாக இருக்காது என்ற கருத்தில் கதைத்து, அதற்காக இடைநிறுத்தப்பட்டார். கொல்ஃப் கிளப்பின் திமிரைக் கிண்டலடித்த தொடரைத் தயாரித்தவரின் வாயிலிருந்து வந்தது இது! பிறகு 2016இல் மஞ்சிந்தர் விர்க் நிரந்தரப் பாத்திரமாக உள்ளே வந்தார். என்ன பாத்திரம்? பிணத்தை ஆராய்கிற வைத்தியர், எங்களுடைய கணக்கில் சட்ட வைத்திய அதிகாரி. நல்ல பாத்திரம், நன்றாகவும் செய்தார். இருந்தாலும் வேலைக்கு வருகிறவர்களின் வாசலால்தான் வந்தார் என்பதை நான் கவனிக்காமல் விடமாட்டேன்.

எங்கட தமிழ்ச் சனல்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை மாமியார்களையே எத்தனை வருடத்துக்கு ஓட்டுவீர்கள்? கொழும்பில் கிளப் இருக்கிறது, நடுவால் ரயில் ஓடுகிறது, கிட்டவே கனத்தை மயானம், தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிப் பேசுகிற மனிதர்கள். பை தூக்குகிற பெடியனைத் துப்பறிகிறவனாகப் போடுங்கள். முதல் கொலை பற்றைக்குள் வேண்டாம், உறுப்பினர் சேர்ப்புக் குழுக் கூட்டத்தில் நடக்கட்டும். சந்தேக நபர்களுக்குப் பஞ்சம் வராது, காத்திருப்போர் பட்டியலே போதும்.