ஒரே ஒரு ஓட்டில் ஜெர்மன் தோற்றதா?

"அமெரிக்காவின் ஆட்சிமொழியாக ஜெர்மன் வந்திருக்க வேண்டியது, ஒரே ஓட்டில் ஆங்கிலம் தப்பித்தது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. சுவையான கதைதான், ஆனால் பொய்.

அப்படியொரு வாக்கெடுப்பே நடக்கவில்லை. வர்ஜீனியாவில் குடியேறியிருந்த ஜெர்மானியர்கள் கேட்டது, கூட்டாட்சிச் சட்டங்களை ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டுத் தாருங்கள் என்பதுதான். 1795 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் 41க்கு 42 என்று தோற்றது அந்தக் கோரிக்கைகூட அல்ல. அதன் மீதான விவாதத்தை ஒத்திவைக்கலாமா என்ற தீர்மானம்! அந்த ஒற்றை ஓட்டுக்குத்தான் இத்தனை கை கால் முளைத்திருக்கிறது.

ஆங்கிலமும் அன்று ஆட்சிமொழியாக அறிவிக்கப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் இன்றும் அப்படியொரு வரி கிடையாது. கூட்டாட்சி அளவில் முதல் அறிவிப்பு, 2025 மார்ச் 1 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட நிர்வாக ஆணைதான். அதுவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டம் அல்ல.