கால்வாய்க்கு மேற்கேயும் ஊர் இருக்கிறது
புதுச்சேரியின் பழைய வீடுகளைக் காப்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் படங்கள் எல்லாம் கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்கள்தான். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி இருப்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே! வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். கீழே திண்ணையும் தாழ்வாரமும் தமிழ் வீடு. மாடியில் வளைவு ஜன்னல் வைத்த பிரெஞ்சு சாயல். அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது.

எங்கள் தாத்தா வீடும் அந்தப் பக்கம்தான். முற்றத்தை ஒட்டிய சுண்ணாம்புச் சுவர் பொரிந்ததும், கொத்தனார் சொன்னார் என்று சிமென்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு செங்கல்லோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று சாந்து அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்ததில் ஆறு மாதம் போனது. செலவு? அதை விடுங்கள்.

பழைய வீடுகள் அழிவதற்கு வீட்டுக்காரர்களின் பேராசைதான் காரணம் என்று எழுதுவது சுலபம். ஒரு வீட்டுக்கு ஏழு பங்காளிகள், அதில் மூன்று பேர் பிரான்சில். ஓடு மாற்றவே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். விற்பதற்கு மட்டும் உடனே ஒத்துப்போகிறார்கள். அரசுக் கட்டடமான ‘மேரி’, அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமே, 2014 மழையில் இடிந்து விழுந்ததே, அப்புறம் எங்களை மட்டும் என்ன சொல்வது?