பேனலில் பேஸ் வராதா?
பேனல் ஸ்பீக்கரில் பேஸே, அதாவது தாழ்ந்த ஒலியே, வராது என்று நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை. இவற்றுக்குப் பெட்டி கிடையாது, மெல்லிய படலம் முன்னாலும் பின்னாலும் எதிரெதிராக ஒலியைத் தள்ளுகிறது, தாழ்ந்த ஒலி ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போனதும் உடனே திரும்பி வந்து மிச்சத்தையும் கெடுக்கிறது. மேக்னபேன் என்ற என் பேனல் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்து, கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்த பிறகு டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் தந்தியை விரல் சுண்டுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. சரி, அறை அதிர வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது, அவர்கள் மார்ட்டின்லோகன் நிறுவனம் செய்வது மாதிரி, பேனலுக்குக் கீழே தாழ்ந்த ஒலிக்கென்று கூம்பு வூஃபர் வைத்த கலப்பு மாடலைப் பார்க்கலாம். ஆனால் 1957இல் வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் என்ற பேனல் ஸ்பீக்கரில் மனிதக் குரல் அவ்வளவு அழகாக இருக்கும், அதற்காகவே ஹாலில் இடம் ஒதுக்கலாம். வாங்குவதற்கு முன் அந்த நாலடி கிடைக்குமா என்று அளந்து பாருங்கள்.