குதேல்காவும் எங்கள் கொல்லைச் சாய்ப்பும்

போன மாதம் கொல்லைப்பக்கச் சாய்ப்பின் ஆஸ்பெட்டாஸ் ஷீட்டைப் பிரித்தோம். அப்பா 1994-இல் போட்டது. உடைந்த விளிம்பில் பூனை முடி மாதிரி வெள்ளை இழைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒன்றை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தேன். ஷீட் பிரிக்க வந்த அண்ணன் சிரித்தார். "ஒண்ணும் ஆகாது தம்பி, இருபது வருஷமா இதைத்தான் அறுத்துட்டிருக்கேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியிருக்கவில்லை.

அந்த இழை எந்த நாட்டுப் பாறையில் இருந்ததோ, தெரியாது. அப்போது கனடாவிலிருந்தும் வந்தது, ரஷ்யாவிலிருந்தும் வந்தது. ஆனால் இன்றைக்குக் கடையில் புது ஷீட் வாங்கினால், அதிலுள்ள நார் ரஷ்யாவிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே யூரல் மலையின் கிழக்குச் சரிவில், யெகாதெரின்பர்க்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் ஓர் ஊர் இருக்கிறது. பெயரே அஸ்பெஸ்ட். சில வருடங்களாக அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே இருந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1885-இல் லதிஜென்ஸ்கி என்ற நில அளவையாளர் அந்தக் காட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெட்டாஸ், இருப்பதைக் கண்டார். 1889-இல் தோண்டத் தொடங்கினார்கள். அதைத்தான் ஊர் பிறந்த வருடமாகக் கொண்டாடுகிறார்கள். சுரங்கத்தைச் சுற்றி முளைத்த குடியிருப்புக்கு முதலில் குதேல்கா என்று பெயர். நூற்பதற்குமுன் சிக்கெடுத்துச் சுருட்டி வைக்கிற நார்ப்பிடிக்கு ரஷ்ய மொழியில் அப்படிச் சொல்வார்கள். பாறையை உடைத்தால் உள்ளே ஆளிநார்ப் பிடி மாதிரி இருந்ததே, அதனால். நம் ஆட்களும் இந்தக் கல்லைப் பார்த்தவுடன் கல்நார் என்றுதான் பெயர் வைத்தார்கள். இரண்டு மொழிக்காரர்களுக்கும் கல்லுக்குள் முதலில் தெரிந்தது நார்தான்.

1933-இல் நகர அந்தஸ்து வந்தபோது ஊர்ப்பெயர் அஸ்பெஸ்ட் ஆகியிருந்தது. சோவியத் காலத்தில் எரியாத எதற்கும் இந்த நார் வேண்டும்: கொதிகலன், கப்பல், பிரேக், குழாய், கூரை. ஊர் வீங்கியது. போருக்குப் பின் ஜெர்மானியப் போர்க்கைதிகளை அங்கே வைத்துக் கட்டட வேலை வாங்கினார்கள். குழி அகலமானபோது பழைய குடியிருப்பின் பகுதிகளே அதற்குள் போயின. வீடுகள் தள்ளிக் கட்டப்பட்டன. 1980களின் முடிவில் சோவியத் ஒன்றியம் முழுக்க ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவுக்கு எடுத்தார்கள். ஊரின் மக்கள்தொகை 80,000-ஐத் தாண்டியிருந்தது. இப்போது 60,000 பக்கம் இறங்கிவிட்டது.

(போகிற போக்கில் ஒன்று. புரட்சிக்குப் பின் 1921-இல் அர்மாண்ட் ஹாமர் என்ற அமெரிக்க வணிகர் லெனினைப் பார்த்து வாங்கிய முதல் தொழில் உரிமம் ஒரு கல்நார்ச் சுரங்கத்துக்குத்தான். அது இந்த ஊர் அல்ல, அதே யூரலில் அலபாயெவ்ஸ்க். முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் சண்டையே வராத இடம் ஒன்று உண்டென்றால் அது கனிமக் குழி.)

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீளம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். கிண்டியில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். (நுரையீரல் நோயாளிகளுக்காகக் கட்டிய இடத்தின் பெயரோடு முடிகிறது பாருங்கள், நான் தேடிப் பிடித்த கணக்கு இல்லை.) அகலம் இரண்டரை கிலோமீட்டர். ஆழம் 300 மீட்டருக்கு மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வைத்தாலும் விளிம்பை எட்டாது. படிக்கட்டு படிக்கட்டாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள், அந்தப் படிகளில் ரயில் போகிறது. மேலேயிருந்து எடுத்த படத்தில் அந்த ரயில் எறும்புச்சாரி மாதிரி தெரியும்.

இவ்வளவு பெரிய பள்ளத்தில் பாறைதான் ஏராளம், நார் கொஞ்சம். வெடி வைத்து, அள்ளி, அரைத்து, சலித்து, காற்றில் உறிஞ்சிப் பிரித்தால் நூற்றுக்குச் சில பங்கு நார் கிடைக்கும். மிச்சம் ஜல்லி. மலை மலையாகக் குவிந்து கிடக்கும் அந்த ஜல்லியை ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட விற்கிறார்கள். கல்நார் எடுக்கும் ஊர் என்கிறோம், எடை போட்டுப் பார்த்தால் அது ஜல்லி உடைக்கும் ஊர்.

ரஷ்யாவில் இத்தகைய ஊர்களை 'மோனோகோரோத்' என்பார்கள், ஒரே தொழிலை நம்பிய ஊர். அரசே பட்டியல் வைத்திருக்கிறது, முந்நூற்றுக்கும் மேல். அந்த ஒரே ஆலையைக் குறிக்க அவர்கள் பயன்படுத்தும் சொல்லுக்கு 'நகரை ஆக்கிய நிறுவனம்' என்று பொருள். அஸ்பெஸ்டில் அது உரல்அஸ்பெஸ்ட். மருத்துவமனை, விளையாட்டு அரங்கு, வெந்நீர்க் குழாய் என்று எதைத் தொட்டாலும் ஒருகாலத்தில் கம்பெனியின் கை அதில் இருந்திருக்கும். ஊர்க்கொடியிலேயே தீ வளையத்துக்குள் புகுந்து வரும் வெள்ளை இழைகள்தான். பக்கத்து மாலிஷேவாவில் மரகதச் சுரங்கம் இருக்கிறது, ரெஃப்தின்ஸ்கியில் 3,800 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. ஆனாலும் அஸ்பெஸ்டின் சோறு அந்தக் குழிக்குள்தான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். ஏனென்றால் இந்த ஊரைப் பற்றி இணையத்தில் வருவதில் முக்கால்வாசி கேலி. ஊர்ப்பேரே விஷமாம், துணி காயப்போட்டால் தூசு படியுமாம், ஆனால் ஆபத்தே இல்லை என்று சாதிக்கிறார்களாம், என்ன முட்டாள்கள்! 2018-இல் உரல்அஸ்பெஸ்ட் தன் சரக்குக் கட்டுகளில் டிரம்ப் முகத்தோடு 'அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திப் படம் போட்டபோது உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அந்த மக்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும், அங்கே எடுக்கிற கிரிசோடைல் வகையையும் சேர்த்து, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திப் பல காலம் ஆகிறது. அதே முகமை ரஷ்ய ஆய்வாளர்களோடு சேர்ந்து அஸ்பெஸ்ட் தொழிலாளர்கள் 30,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டது. ஆண்களிடம், தூசு அதிகம் பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவும் அதிகம் என்று அதில் வந்தது. இதையெல்லாம் படிக்கத் தெரியாத ஊர் இல்லை அது. ஆனால் சம்பளம், ஓய்வூதியம், வீட்டின் விலை மூன்றும் ஒரே குழியில் இருக்கும்போது ஆபத்து என்று ஒப்புக்கொண்டால் அன்றைக்கே வீட்டு மதிப்பு பாதியாகும். அதனால்தான் அங்கே கம்பெனிக்கு எதிராக நிற்க வேண்டிய தொழிற்சங்கமே கிரிசோடைலுக்காகக் கொடி பிடிக்கிறது. நம்மூர்ப் பட்டாசுத் தொழிலையோ தோல் பதனிடும் தொழிலையோ பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

கனடாவில் கியூபெக் மாநிலத்தில் அஸ்பெஸ்டாஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. அங்கேயும் இதே மாதிரி ராட்சதக் குழி. இதே மாதிரி பெருமை. 2012-க்குள் சுரங்கம் நின்றது, 2018-இல் நாடே கல்நாரைத் தடை செய்தது, 2020-இல் மக்கள் வாக்களித்து ஊர்ப்பெயரை வால்-தே-சூர்ஸ் என்று மாற்றினார்கள். ஊற்றுகளின் பள்ளத்தாக்கு! அழகான பெயர்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுரங்கம் செத்தது, அப்புறம்தான் பெயர் போனது. குழியில் சம்பளம் வந்துகொண்டிருந்த நாளில் எவரும் பெயரை மாற்றத் துணியவில்லை. அஸ்பெஸ்ட்காரர்களிடம் மட்டும் அந்த வீரத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அவர்கள் தரப்பு வாதம் 'கட்டுப்பாட்டோடு பயன்படுத்தினால் ஆபத்தில்லை' என்பது. இந்த இடத்தில்தான் எனக்கு அவர்களோடு உண்மையான சண்டை. சுரங்கத்துக்குள் தண்ணீர் அடித்துத் தூசு அடக்கலாம், ஆலையில் உறிஞ்சி வைக்கலாம், முகக்கவசம் தரலாம், வருடா வருடம் நெஞ்சுப்படம் எடுக்கலாம். சரி, அங்கே கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு ஏதோ ஒரு அர்த்தம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த நார் மூட்டையில் ஏறி, கப்பலில் வந்து, சிமெண்டோடு கலந்து ஷீட்டாகி, எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து, கட்டிங் மிஷினில் அறுபடும்போது கட்டுப்பாடு எங்கே இருக்கிறது? என் வீட்டில் நின்ற அந்த அண்ணன் மூக்கில் இருக்கிறதா?

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். இந்திய மண்ணிலும் கல்நார் உண்டு. ஆந்திராவில் கடப்பா பக்கம் புலிவெந்துலாவிலும் ராஜஸ்தானிலும் தோண்டினார்கள். தொழிலாளிகளின் உடல்நலம் கருதி 1986-இல் புதுக் குத்தகை கொடுப்பதை நிறுத்தினார்கள், 1993-இல் பழையதைப் புதுப்பிப்பதையும் நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் இறக்குமதி? ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல், உலகத்திலேயே அதிகம், அதில் பெரும்பங்கு ரஷ்யச் சரக்கு. தோண்டினால் ஆபத்து, அறுத்தால் ஆபத்தில்லை என்பது நம் கொள்கை. அபாய ரசாயனங்களின் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய உலக ஒப்பந்தமான ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் கிரிசோடைலைச் சேர்க்க 2006 முதல் முயல்கிறார்கள். சேர்த்தால் தடைகூட வராது, 'இது ஆபத்து' என்று எழுதிக் காட்டி, வாங்குகிற நாட்டின் சம்மதத்தைக் கேட்டபின் ஏற்றுமதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் ஒவ்வொரு கூட்டத்திலும் சில நாடுகள், பின்னால் ரஷ்யாவும் சேர்ந்து, மறுக்க, தள்ளிப்போகிறது. 2013 கூட்டத்தில் அப்படி மறுத்தவர்களில் நாமும் இருந்தோம்.

ஆகவே அஸ்பெஸ்ட் ஊரைப் பார்த்துச் சிரிக்கிற நண்பர்களுக்கு: ஐரோப்பா 2005-இலேயே கதவை மூடிவிட்டது. அமெரிக்காவும் 2024-இல் கிரிசோடைலுக்குத் தடை ஆணை போட்டது. அந்த ரயில் இன்னும் படியிறங்கிப் போய் ஏறி வருகிறது என்றால் அதற்குக் கூலி கொடுப்பவர்களில் முதல் வரிசையில் நாம் இருக்கிறோம். ஏழைக்கு வேறு கூரை ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் அப்பாவும் கீற்றை மாற்றி ஷீட் போட்ட அன்று ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். மழைக்கு ஒழுகாது, தீ பிடிக்காது, வருடா வருடம் மாற்ற வேண்டாம். ஆனால் அதே அச்சில், அதே நெளிவோடு, கல்நாருக்குப் பதில் வேறு நார் போட்ட ஷீட்டும் வருகிறது. நான் விசாரித்த கடையில் அதற்கு விலை கூடுதல். கடைக்காரர், "அதையெல்லாம் யார் சார் கேக்குறா?" என்றார்.

நாங்கள் தகர ஷீட் போட்டுவிட்டோம். மழை பெய்தால் பேச முடியவில்லை, அம்மா தினமும் புலம்புகிறார். பிரித்த பழைய ஷீட்டில் உடையாத ஆறு இன்னும் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறது. எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று பஞ்சாயத்தில் கேட்டேன், அப்படி ஒரு கேள்வியை முதல்முறை கேட்பதுபோல் பார்த்தார்கள். நேற்று எதிர்வீட்டுச் சித்தி வந்து ஆட்டுக்கொட்டகைக்கு இரண்டு தரமுடியுமா என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.