பழைய கடனும் புதுக் கொடியும்

(மன்ஹாட்டன் தீவில் டச்சுக்காரர்களின் ஊரான நியூ ஆம்ஸ்டர்டாம், 1664 செப்டம்பர். துறைமுகத்தில் நான்கு இங்கிலாந்துக் கப்பல்கள். மதுக்கடை வாசலில் கடைக்காரரும் பன்றி வளர்ப்பவரும்.)

பன்றிக்காரர்: என்ன அண்ணே, ஒரு பீரங்கிச் சத்தத்தைக்கூடக் காணோமே?

கடைக்காரர்: வெடிமருந்து இருந்தால்தானே வெடிக்கும்? நம்மை ஆளும் மேற்கிந்தியக் கம்பெனிக்குப் பீவர் மிருகத்தின் தோல் வந்தால் போதும், ஊர் எப்படிப் போனால் என்ன. கோட்டைச் சுவரை உன் பன்றிகளே பாதி தோண்டிவிட்டன.

பன்றிக்காரர்: வாயில்லாப் பிராணி மேல் பழியா? 1653-இல் கடன் வாங்கி, கம்பெனி அடிமைகளை வேலை வாங்கிப் பெரிய மரவேலி போட்டோமே, அது எங்கே?

கடைக்காரர்: வடக்கே கம்பீரமாக நிற்கிறது. இங்கிலாந்துக்காரன் தெற்கே கடல் வழியாக வந்துவிட்டான்.

பன்றிக்காரர்: நாம் வேலி போட்ட பக்கம் வருவதுதானே மரியாதை?

கடைக்காரர்: இதைக் கேள். சரணடைந்தால் நல்ல சலுகை என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஜனங்களுக்குத் தெரிந்தால் மனசு மாறிவிடும் என்று கவர்னர் ஸ்டைவசன்ட் அதைக் கிழித்தே போட்டார்.

பன்றிக்காரர்: அப்புறம்?

கடைக்காரர்: விடுவார்களா? துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்துவிட்டார்கள். அப்புறம் 93 பேர் சரணடையச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவன் கவர்னரின் சொந்த மகன்!

பன்றிக்காரர்: அன்றைக்கு அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைத்திருக்காது.

கடைக்காரர்: கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு அவர் மட்டும் தனியாகச் சண்டை போட முடியுமா? பாவம்.

பன்றிக்காரர்: என்ன பாவம்? 17 வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிவரை குடிக்காதே, ராத்திரி 9 மணிக்கு மணி அடித்தால் எழுந்து போ என்று படுத்தியவர்தானே?

கடைக்காரர்: உத்தரவு போட்டார், சரி. நீ எழுந்து போனது எப்போது?

பன்றிக்காரர்: அதை விடுங்கள். ஊர்ப் பெயர்கூட இனிமேல் நியூயார்க்காம், ராஜாவின் தம்பி யார்க் கோமகன் நினைவாக. பெயரே மாறிவிட்டது, இனி பழைய கணக்குக்கு ஏது அர்த்தம்? நான் உங்களுக்குத் தர வேண்டிய மூன்று பீவர் தோல்...

கடைக்காரர்: ஓகோ! சரணடையும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சாமி கும்பிடுவது அவரவர் மனசுப்படி. வாரிசுச் சொத்து நம் டச்சு வழக்கப்படி.

பன்றிக்காரர்: பரவாயில்லையே, தங்கமான மனுஷர்கள்!

கடைக்காரர்: இன்றைக்கு முன்னால் பேசிய கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால், அதற்கும் டச்சு முறைப்படியே தீர்ப்பு.

பன்றிக்காரர்: ...அண்ணே, கவர்னர் இன்னும் கோட்டையில்தான் இருக்கிறாரா?

கடைக்காரர்: எதற்கு?

பன்றிக்காரர்: சண்டையை உடனே ஆரம்பிக்கச் சொல்லத்தான்!